பிருத்விராஜ் சௌகான்: தரெய்ன் போர்க்களத்தில் வீழ்ந்த அஜ்மீர் மன்னரின் வரலாறும், அவரைச் சுற்றி வளர்ந்த கதைகளும்

போட்டித் தேர்வுகளுக்குப் படிப்போர் மனப்பாடம் செய்யும் ஆண்டுகளில் 1191, 1192 ஆகிய இரண்டும் தவறாமல் இடம்பெறும். முதலாவது, தரெய்ன் போர்க்களத்தில் பிருத்விராஜ் சௌகான் முகமது கோரியை வென்ற ஆண்டு. இரண்டாவது, அதே களத்தில் கோரியிடம் தோற்ற ஆண்டு. அந்தத் தோல்விக்குப் பின்னர் வட இந்தியாவின் அரசியல் வரைபடம் சில ஆண்டுகளுக்குள் மாறியது. டெல்லி சுல்தானகம் உருவாக வழி பிறந்தது.

இறந்தபோது பிருத்விராஜுக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். ஆண்டது ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் மட்டுமே. ஆயினும் இடைக்கால இந்திய மன்னர்களில் இவரளவுக்குப் பாடல்களிலும், நாடகங்களிலும், திரைப்படங்களிலும், அரசியல் மேடைகளிலும் பேசப்பட்டவர்கள் மிகச் சிலர். கோரியைப் பதினேழு முறை மன்னித்தார், கண்பார்வை பறிக்கப்பட்ட நிலையிலும் ஒலியைக் குறிவைத்து அம்பெய்து கோரியைக் கொன்றார் என்பன போன்ற செய்திகள் இன்றும் கைபேசிகளில் வலம் வருகின்றன. அவற்றுள் எது வரலாறு, எது பிற்காலக் கற்பனை என்பதைக் கல்வெட்டுகளும் சமகால நூல்களும் பெருமளவு தெளிவாகவே காட்டுகின்றன.

சாகமானர் மரபு

'சௌகான்' என்பது 'சாகமானர்' என்ற வடமொழிப் பெயரின் பேச்சு வடிவம். இன்றைய ராஜஸ்தானில் உப்பு ஏரிக்குப் பெயர்பெற்ற சாம்பர் பகுதியே இவர்களின் தொடக்க கால இருப்பிடம். அதன் பழம்பெயர் சாகம்பரி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஜயராஜர் என்ற மன்னர் மலையடிவாரத்தில் அஜயமேரு என்ற நகரை உருவாக்கித் தலைநகரை அங்கு மாற்றினார். அதுவே இன்றைய அஜ்மீர். அந்நகருக்குச் செல்லும் பயணிகள் மாலையில் உலாவும் ஆனா சாகர் ஏரியை வெட்டியவர் அவருடைய மகன் அர்ணோராஜர், பிருத்விராஜின் பாட்டனார்.

இம்மரபைப் பேரரசாக உயர்த்தியவர் பிருத்விராஜ் அல்லர். அவருடைய பெரிய தந்தை நான்காம் விக்ரகராஜரே அப்பெருமைக்கு உரியவர். டெல்லியை ஆண்டுவந்த தோமரர்களைத் தம் மேலாண்மைக்குக் கீழ்க் கொண்டுவந்தவரும் அவரே. 1164ஆம் ஆண்டில் அவர் தம் வெற்றிகளைப் பொறிக்கத் தேர்ந்தெடுத்த இடம், அசோகர் நிறுவிய ஒரு தூண். அத்தூண் இன்று டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கிறது. அஜ்மீரில் அவர் காலத்துச் சமஸ்கிருத நாடகங்கள் பொறிக்கப்பட்ட கற்பலகைகளும் கிடைத்துள்ளன. பிருத்விராஜின் பெயர் பெற்ற புகழில் ஒரு பங்கு இந்தப் பெரிய தந்தைக்குச் சேரவேண்டியது என்று சொன்னால் மிகையாகாது.

அஜ்மீரும் டெல்லியும் ஒரே ஆட்சிக்குக் கீழ் இருந்தாலும், தலைநகர் அஜ்மீராகவே நீடித்தது. பிருத்விராஜ் காலத்தில் டெல்லியை நேரடியாக நிர்வகித்தவர் கோவிந்தராஜர் என்ற சிற்றரசர். 'டெல்லி மன்னர் பிருத்விராஜ்' என்ற வழக்கு பிற்காலத்தது.

குஜராத்தில் பிறந்த இளவரசர்

பிருத்விராஜின் தந்தை சோமேசுவரர், குஜராத்தை ஆண்ட சோலங்கி மன்னர் ஜெயசிம்ம சித்தராஜரின் மகள் வயிற்றுப் பேரன். சிறுவயது முதல் அவர் குஜராத் அரண்மனையிலேயே வளர்ந்தார். திரிபுரியை ஆண்ட காலச்சூரி மரபின் இளவரசி கற்பூரதேவியை மணந்தார். அவர்களுக்கு பிருத்விராஜ், ஹரிராஜ் என இரு மகன்கள். பிருத்விராஜ் 1166ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அஜ்மீரில் வாரிசுரிமைச் சிக்கல் எழுந்து, ஆட்சிக்கு உரியவர் எவரும் எஞ்சாத நிலையில், 1169 வாக்கில் சோமேசுவரர் அழைக்கப்பட்டு அரியணை ஏறினார். எட்டு ஆண்டுகளே ஆண்டார். 1177ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது பிருத்விராஜ் பதினோரு வயதுச் சிறுவர்.

அந்த நெருக்கடியில் அரசைக் காத்தவர் தாய் கற்பூரதேவி. மகனின் சார்பில் ஆட்சிப் பொறுப்பை அவர் ஏற்றார். கதம்பவாசர் என்ற அமைச்சர் நிர்வாகத்தைக் கவனிக்க, அரசியின் உறவினரான புவனைகமல்லர் படைக்குத் தலைமை தாங்கினார். போர்க்கதைகளில் மூழ்கும் எழுத்தாளர்கள் கற்பூரதேவியை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆனால், அந்த மூன்று ஆண்டுகள் அரசு சிதறாமல் இருந்திருக்காவிட்டால் பிருத்விராஜ் என்ற மன்னரே இருந்திருக்க மாட்டார்.

நான்கு திசைகளிலும் பகை

1180 வாக்கில் ஆட்சி முழுமையாக பிருத்விராஜின் கைக்கு வந்தது. முதல் எதிர்ப்பு குடும்பத்துக்குள்ளிருந்தே கிளம்பியது. விக்ரகராஜரின் மகன் நாகார்ஜுனர் அரியணைக்கு உரிமை கோரிக் குடபுரம் என்ற கோட்டையைக் கைப்பற்றினார். பிருத்விராஜ் அதை முற்றுகையிட்டு மீட்டார். நாகார்ஜுனர் தப்பினார், அவருடைய ஆட்களின் தலைகள் அஜ்மீர்க் கோட்டை வாயிலில் மாலைபோல் தொங்கவிடப்பட்டதாக பிருத்விராஜின் அவைக்களக் கவிஞரே பெருமையுடன் எழுதியுள்ளார். அக்கால அரசியலின் இயல்பு அது.

அடுத்துக் கிழக்கே சந்தேலர்கள். புந்தேல்கண்ட் பகுதியை ஆண்ட பரமர்தி மீது 1182-83இல் பிருத்விராஜ் படையெடுத்தார். மதன்பூரில் உள்ள கல்வெட்டுகள், சோமேசுவரரின் மகனும் அர்ணோராஜரின் பேரனுமான பிருத்விராஜ், பரமர்தியின் நாட்டைச் சூறையாடியதைப் பதிவு செய்துள்ளன. ஆல்ஹா, உதல் என்ற இரு வீரர்கள் மகோபா நகருக்காக அவரை எதிர்த்துப் போரிட்ட கதை, உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மழைக்காலத்தில் இன்றும் பாடப்படுகிறது. அஜ்மீரில் நாயகராகப் போற்றப்படும் பிருத்விராஜ், அந்தப் பாடல்களில் எதிரிப் படையின் தலைவர் என்பது கவனிக்கத்தக்கது. படையெடுப்பால் சந்தேலர்கள் அழிந்துவிடவும் இல்லை. பரமர்தி 1202 வரை வாழ்ந்து, குத்புதீன் ஐபக்கின் காலிஞ்சர் முற்றுகையின்போதே மறைந்தார்.

தெற்கே குஜராத்தின் இரண்டாம் பீமர் மீதும் போர் நடந்தது. 1187க்கு முன்பாக அது உடன்படிக்கையில் முடிந்தது. கிழக்கே கன்னோசி, காசி வரை ஆண்ட ககடவால மன்னர் ஜெயசந்திரரோடும் நல்லுறவு இல்லை.

வாளோடு மட்டும் நின்ற அரசவை அல்ல அது. 1182ஆம் ஆண்டில் சமணத் துறவிகளான ஜினபதி சூரிக்கும் பத்மபிரபருக்கும் இடையே மன்னர் முன்னிலையில் சமய வாதம் நடந்தது; வென்ற ஜினபதி சூரிக்கு பிருத்விராஜ் வெற்றிப் பட்டயம் வழங்கினார். இதைச் சமணப் பட்டாவளி ஒன்று விரிவாகக் கூறுகிறது.

கோரியின் வருகை

இன்றைய ஆப்கானிஸ்தானின் நடுப்பகுதியில் உள்ள மலைநாடு கோர். அதை ஆண்ட கியாசுதீனின் தம்பி முகமது, கஜினியைத் தளமாகக் கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்தார். 1175இல் முல்தானைப் பிடித்தார். 1178இல் பாலைவனம் கடந்து குஜராத் மீது பாய்ந்தபோது, ஆபு மலை அடிவாரத்தில் சோலங்கிப் படையிடம் கடும் தோல்வி அடைந்தார்.

அந்தப் போரில் அஜ்மீர் ஒதுங்கி நின்றது. குஜராத்துக்கு உதவ வேண்டாம் என்று இளம் மன்னருக்கு அமைச்சர் கதம்பவாசர் ஆலோசனை கூறியதாக 'பிருத்விராஜ விஜயம்' தெரிவிக்கிறது. இரு பகைவரும் தமக்குள் மோதி அழியட்டும் என்பது அவருடைய கணக்கு. அன்றைய நிலையில் அது அரசியல் தந்திரமாகவே தோன்றியிருக்கும். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அஜ்மீருக்கு நெருக்கடி வந்தபோது, குஜராத்தும் கன்னோசியும் வரவில்லை.

பாதை மாற்றிய கோரி, பஞ்சாப் வழியாக முன்னேறி 1186இல் லாகூரைக் கைப்பற்றினார். அதன்பின் கோரி, சௌகான் எல்லைகள் ஒன்றையொன்று தொட்டன.

1191: முதல் போர்

1191இல் கோரியின் படை தபர்ஹிந்தா கோட்டையைப் பிடித்தது. அது இன்றைய பட்டிண்டா என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அங்கு 1,200 குதிரை வீரர்களை நிறுத்திவிட்டுத் திரும்பவிருந்த கோரிக்கு, பிருத்விராஜ் படையுடன் வரும் செய்தி எட்டியது. இரு படைகளும் தரெய்னில் மோதின. ஹரியாணாவின் கர்னால் மாவட்டத்தில் உள்ள தராவரி என்ற சிறுநகரமே அவ்விடம். அரிசி வணிகர்களுக்கு அவ்வூர்ப் பெயர் பாஸ்மதி ரகம் ஒன்றின் பெயராகவும் அறிமுகமானது.

போரின் முக்கியத் தருணத்தை விவரிப்பவர், கோரி தரப்பு வரலாற்றாசிரியரான மின்ஹாஜ் உஸ் சிராஜ். யானை மேல் வந்த டெல்லிச் சிற்றரசர் கோவிந்தராஜரை நோக்கிப் பாய்ந்த கோரி, ஈட்டியால் அவர் வாயில் குத்தி இரு பற்களை உடைத்தார். கோவிந்தராஜர் திருப்பி எறிந்த ஈட்டி கோரியின் கையில் ஆழமாகப் பாய்ந்தது. குதிரையிலிருந்து சரியவிருந்த அவரை, கில்ஜி வீரர் ஒருவர் பின்னால் தாவி ஏறித் தாங்கிப் பிடித்துக் களத்திலிருந்து வெளியேற்றினார். படை சிதறியது.

பிருத்விராஜ் தோற்றோடியவர்களைத் துரத்தவில்லை; தபர்ஹிந்தாவை முற்றுகையிட்டார். 1,200 பேர் காத்த அக்கோட்டை பணிய பதின்மூன்று மாதங்கள் ஆயின. மன்னித்து அனுப்பினார் என்ற கதைக்கு வேர் இங்கேதான் இருக்கக்கூடும். ஆனால் முதல் போரில் கோரி சிறைபிடிக்கப்படவே இல்லை. மன்னிப்பதற்கான சூழலே எழவில்லை. ஏழு முறை, பதினேழு முறை, இருபத்தொரு முறை என்று கதைக்குக் கதை எண்ணிக்கை மாறுகிறது. சமகாலச் சான்றுகள் காட்டும் பெரும் போர்கள் இரண்டே.

1192: இரண்டாம் போர்

அந்தப் பதின்மூன்று மாதங்களை கோரி வீணாக்கவில்லை. 1,20,000 குதிரை வீரர்களுடன் திரும்பினார் என்கிறார் மின்ஹாஜ். பிருத்விராஜிடம் 3,00,000 குதிரைகளும் 3,000 யானைகளும் இருந்தன என்று நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதிய பெரிஷ்தா கூறுகிறார். இரு எண்களையும் வரலாற்றாய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை.

எண்ணிக்கையைவிடப் போர்முறையே முடிவைத் தீர்மானித்தது. கோரி தம் படையை ஐந்தாகப் பிரித்தார். இலகு ஆயுதம் தரித்த குதிரை வில்லாளர்கள், ஒவ்வொன்றும் 10,000 பேர் கொண்ட நான்கு பிரிவுகளாகச் சௌகான் படையை நான்கு புறமும் சூழ்ந்தனர். நெருங்கி அம்பெய்வதும், யானைகளும் கனரகக் குதிரைப்படையும் முன்னேறினால் பின்வாங்குவதும் அவர்களுக்கு இடப்பட்ட பணி. ஓடும் குதிரையிலிருந்து எய்யும் வில்லாளரை யானையால் எட்டிப் பிடிக்க இயலாது. சிற்றரசர்கள் தத்தம் படையுடன் வந்து சேர்ந்த சௌகான் சேனைக்கு, ஒரே கட்டளையில் திரும்பி வளையும் பயிற்சியும் குறைவு. எதிரி களைத்த பின், தனியே நிறுத்திவைத்த ஐந்தாம் பிரிவை கோரி களமிறக்கினார்.

வீழ்ந்தவர்களிடையே கோவிந்தராஜரின் உடலை, முந்தைய ஆண்டு உடைந்த பற்களைக் கொண்டே கோரி அடையாளம் கண்டார். பிருத்விராஜ் யானையிலிருந்து இறங்கிக் குதிரையில் விரைந்தார். சரஸ்வதி, அதாவது இன்றைய சிர்சா அருகே பிடிபட்டார்.

மன்னரின் முடிவு

பிடிபட்டபின் நடந்ததை நூல்கள் ஒரே மாதிரி கூறவில்லை. பிடிபட்டதும் கொல்லப்பட்டார் என்பது மின்ஹாஜின் சுருக்கமான பதிவு. அவருக்கு முன்னரே எழுதிய ஹசன் நிஜாமி, பிருத்விராஜ் அஜ்மீருக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிருடன் விடப்பட்டார் என்றும், பின்னர் சதி செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டார் என்றும் எழுதுகிறார். ஒரு பக்கம் பிருத்விராஜ் பெயரும், மறுபக்கம் முகமது பின் சாம் என்ற கோரியின் பெயரும் பொறித்த நாணயங்கள் கிடைத்துள்ளன. சிறிது காலம் அவர் கோரிக்குக் கட்டுப்பட்ட மன்னராக வைக்கப்பட்டிருந்தார் என்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆட்சி மாற்றத்தின்போது பழைய அச்சு தொடர்ந்து பயன்பட்டதன் விளைவே அது என்போரும் உண்டு.

இரு வழியாகப் பார்த்தாலும் அவர் இறந்தது இந்திய மண்ணில், 1192ஆம் ஆண்டில். கோரி கொல்லப்பட்டதோ 1206இல், இன்றைய பாகிஸ்தானில் உள்ள தமியாக் என்ற இடத்தில், பதினான்கு ஆண்டுகள் கழித்து. கஜினி அரண்மனையில் எய்யப்பட்ட அம்பின் கதைக்கு இந்த இரு ஆண்டுகளே விடை.

அஜ்மீரில் பிருத்விராஜின் மகன் கோவிந்தராஜர், கோரிக்குத் திறை செலுத்தும் மன்னராக அமர்த்தப்பட்டார். அதை ஏற்காத சிற்றப்பா ஹரிராஜ் அவரை வெளியேற்றி அஜ்மீரை மீட்டார். ஐபக்கின் படை மீண்டும் வந்தபோது ஹரிராஜ் தீயில் இறங்கி உயிர்நீத்தார். வெளியேறிய மகனோ ரந்தம்பூர் கோட்டையில் புதிய கிளை மரபைத் தொடங்கினார். 1301இல் அலாவுதீன் கில்ஜியை எதிர்த்து வீழ்ந்த ஹம்மீரர் அம்மரபினர்.

இரண்டு நூல்கள், இரண்டு பிருத்விராஜர்கள்

அவரைப் பற்றிய இலக்கியத்தில் இரண்டு நூல்கள் முதன்மையானவை. ஒன்று, காஷ்மீரத்துக் கவிஞர் ஜயானகர் இயற்றிய சமஸ்கிருதக் காவியமான 'பிருத்விராஜ விஜயம்'. மன்னர் உயிருடன் இருந்தபோதே, முதல் தரெய்ன் வெற்றியை ஒட்டி எழுதப்பட்டது. அதன் சிதைந்த பூர்ஜ மரப்பட்டைச் சுவடியை, ஜெர்மானிய அறிஞர் கியார்க் பியூலர் 1870களில் காஷ்மீரில் கண்டெடுத்தார்.

மற்றொன்று, சந்த் பர்தாய் இயற்றியதாகக் கூறப்படும் 'பிருத்விராஜ் ராசோ'. மக்களிடம் பரவிய பிருத்விராஜ் இந்நூலின் பிருத்விராஜ். கர்னல் ஜேம்ஸ் டாட் இதைப் பெரிதும் நம்பி ராஜபுத்திர வரலாற்றை எழுதினார். 1886இல் மேவார் அறிஞர் கவிராஜ் சியாமள்தாஸ் இதன் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கினார். பிருத்விராஜின் தங்கையை மணந்து தரெய்னில் இறந்தவராக ராசோ காட்டும் மேவார் மன்னர் சமர் சிங், கல்வெட்டுகளின்படி ஒரு நூற்றாண்டு பிற்பட்டவர். பிருத்விராஜ் கொன்றதாகக் கூறப்படும் குஜராத்தின் பீமர், அவர் இறந்த பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர். பிருத்விராஜின் தாய் டெல்லி அனங்கபாலரின் மகள் என்கிறது ராசோ. ஜயானகர் கூறும் தாய் கற்பூரதேவி. பியூலர் 1893இல் வங்காள ஆசியக் கழகத்துக்கு எழுதி, ராசோவைப் பதிப்பிக்கும் பணியை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டார்.

இதனால் ராசோ மதிப்பற்றதாகிவிடாது. பல நூற்றாண்டுகளாகப் பாடப்பட்டு, பலர் சேர்த்து வளர்ந்த காவியம் அது. இடைக்கால ராஜபுத்திர அரசவைகள் தம்மை எவ்வாறு காண விரும்பின என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு நிகழ்வுகளுக்குச் சாட்சியாக அதை அழைக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

சம்யுக்தையும் ஜெயசந்திரரும்

கன்னோசி இளவரசி சம்யுக்தை, சுயம்வரத்தில் வாயிற்காவலன் உருவில் நிறுத்தப்பட்ட சிலைக்கு மாலையிட, பிருத்விராஜ் அவளைக் குதிரையில் கவர்ந்து சென்றார் என்ற கதை ராசோவின் உயிர்நாடி. சமகாலக் கல்வெட்டு எதிலும் அவள் பெயர் இல்லை. 'பிருத்விராஜ விஜயத்தில்' திலோத்தமையின் மறுபிறவியாகிய ஓர் இளவரசி மீது மன்னர் காதல் கொள்ளும் பகுதி உண்டு. அதை முன்வைத்து வரலாற்றாசிரியர் தசரத சர்மா இக்கதைக்கு ஓரளவு அடிப்படை இருக்கலாம் என்று வாதிட்டார். தமிழ் ரசிகர்களுக்கு இக்கதை புதிதன்று. பி.யு.சின்னப்பா நடித்த 'பிருத்விராஜன்' 1942இலும், எம்.ஜி.ஆர், பத்மினி நடித்த 'ராணி சம்யுக்தா' 1962இலும் வெளிவந்தன.

சம்யுக்தையின் தந்தையாகக் கூறப்படும் ஜெயசந்திரருக்கு நேர்ந்ததே பெரிய அநீதி. இந்தி அரசியலில் 'ஜெய்சந்த்' என்றால் துரோகி என்று பொருள். கோரியை அவர் அழைத்தார் என்பதற்குச் சமகாலச் சான்று இல்லை. அவர் பிருத்விராஜுக்கு உதவவில்லை, அது உண்மை. ஆனால் 1194இல் யமுனைக் கரையில் சந்தாவர் என்ற இடத்தில் கோரியை எதிர்த்துப் போரிட்டே அவரும் மாண்டார். துரோகியின் பெயரை மொழிபெயர்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் செய்தியை அடைப்புக்குறிக்குள் சேர்க்கத் தோன்றும்.

பட்டமும் பெயரும்

'கடைசி இந்துப் பேரரசர்' என்ற பட்டம் டாட் போன்றோர் எழுத்துகளின் வழியே பரவியது. பிருத்விராஜ் அரியணை ஏறிய அதே காலத்தில், 1178இல், சோழநாட்டில் மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சிக்கு வந்து 1218 வரை ஆண்டான். விஜயநகரம் தோன்றவே இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. டெல்லியை மையமாக வைத்து நாடு முழுவதையும் அளப்பவர்களுக்கே அப்பட்டம் பொருந்தும். அப்பட்டம் உருவான வரலாற்றையே அமெரிக்க ஆய்வாளர் சிந்தியா டால்பட் 2016இல் தனி நூலாக எழுதியுள்ளார்.

குலம் குறித்த விவாதமும் ஓயவில்லை. 'ராஜபுத்திரர்' என்ற சொல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரச குடும்பத்தினரையும் போர்ப் பிரபுக்களையும் குறித்த பட்டம். தனிச் சாதி அடையாளமாக அது இறுகியது பின்னர் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அக்ஷய் குமார் நடித்த திரைப்படம் 2022இல் வெளியானபோது, பிருத்விராஜ் தங்கள் குலத்தவர் என்று ராஜபுத்திர அமைப்புகளும் குர்ஜர் அமைப்புகளும் உரிமை கோரின. 'பிருத்விராஜ்' என்ற படத்தலைப்பு, எதிர்ப்புக்குப் பின் 'சாம்ராட் பிருத்விராஜ்' ஆனது.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. அப்துல் கலாம் தலைமையிலான ஏவுகணைத் திட்டத்தில் உருவான 'பிருத்வி' 1988இல் முதன்முதலில் சோதிக்கப்பட்டது. பாகிஸ்தான் 1998இல் சோதித்த ஏவுகணைக்கு 'கோரி' என்று பெயரிட்டது. தரெய்னின் எதிரொலி அதில் வெளிப்படை. 'பிருத்வி' என்பதற்கோ பூமி என்றே பொருள். அக்னி, ஆகாஷ் ஆகிய ஏவுகணைகளின் பெயர்களைப் போல ஐம்பூதங்களில் ஒன்று.

அஜ்மீரில் தாராகட் மலைச்சரிவில் பிருத்விராஜுக்கு நினைவிடம் உள்ளது. டெல்லியின் தெற்கே, ராய் பித்தோரா கோட்டை என்று அவர் பெயரால் வழங்கும் மதிலின் இடிபாடுகளைப் பார்க்கலாம். பாரசீக நூல்கள் அவரை 'ராய் பித்தோரா' என்றே அழைத்தன. 2000ஆம் ஆண்டில் அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது. இரண்டு போர்கள் நடந்த தராவரி, டெல்லியிலிருந்து சண்டிகர் செல்லும் நெடுஞ்சாலையில், கர்னாலுக்கும் குருக்ஷேத்திரத்துக்கும் இடையே அமைந்துள்ளது.